துப்பாக்கிக்கு இலக்கணம் எழுதும் மாநிலங்கள்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் பள்ளிக்கூடத்திலோ கடைத்தெருவிலோ துப்பாக்கிச் சூடு நடந்த செய்தி வரும்போதெல்லாம், 'இத்தனை பேர் செத்த பிறகும் அந்தத் துப்பாக்கியைத் தடை செய்ய மாட்டார்களா?' என்று கேட்டு வாசகர்கள் எழுதுகிறார்கள். பல மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன. அந்தத் தடை எதைத் தடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: செய்திகளில் 'தானியங்கித் துப்பாக்கி' என்றும் 'அரைத் தானியங்கித் துப்பாக்கி' என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? (திருச்சி வாசகர்)

பதில்: இல்லை. சட்டத்தின் கண்ணில் இவை இரண்டுக்கும் இடையே மலையளவு வேறுபாடு உண்டு. தானியங்கித் துப்பாக்கியில் விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தோட்டாக்கள் தொடர்ந்து பாய்ந்துகொண்டே இருக்கும். அரைத் தானியங்கியில் ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு தோட்டாதான் பாயும். ஆனால் வெடித்த தோட்டாவின் கூட்டை வெளியே தள்ளுவதையும் அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றுவதையும் துப்பாக்கியே செய்துகொள்ளும். சுடுபவர் செய்ய வேண்டியது விரலைத் தளர்த்தி மறுபடியும் இழுப்பது மட்டுமே.

தானியங்கியை அமெரிக்கா 1934-லேயே கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்து, 200 டாலர் வரியும் பதிவும் விதித்தது. 1986 மே 19-க்குப் பிறகு தயாரான தானியங்கித் துப்பாக்கியைப் பொதுமக்கள் வைத்திருக்க முடியாது. ஆகையால் இன்று மாநிலங்களில் நடக்கும் வழக்கும் வாக்குவாதமும் பெரும்பாலும் அரைத் தானியங்கி ரைஃபிள்களைப் பற்றியவை. அவற்றில் பெயர் பெற்றது ஏ.ஆர்.-15. அதை வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்ததே 'ஏ.ஆர்.' என்னும் முன்னொட்டு. அதே வடிவமைப்பு ராணுவத்துக்குப் போனபோது எம்-16 ஆயிற்று. விசைக்கு விசை ஒரே தோட்டா சுடும் வகை 1960-களிலிருந்து கடைகளில் விற்கப்பட்டு வருகிறது. இந்த வகைத் துப்பாக்கிகள் 2 கோடிக்கும் மேல் பொதுமக்களிடம் இருப்பதாகத் துப்பாக்கித் தொழில்துறையினரே மதிப்பிடுகிறார்கள்.

கேள்வி: ஒரே நாட்டில் ஒரு மாநிலத்தில் குற்றமாக இருப்பது அடுத்த மாநிலத்தில் எப்படி உரிமையாகிறது? எந்தெந்த மாநிலங்களில் தடை இருக்கிறது? (மதுரை வாசகர்)

பதில்: நம் நாட்டில் ஆயுதச் சட்டம் மத்திய அரசின் சட்டம், கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் அது ஒன்றே. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் அடித்தளத்தை மட்டும் போடுகிறது. அதன் மேல் எவ்வளவு கடுமையாகக் கட்டுவது என்பது ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பம்.

நாடு முழுமைக்குமான தடை ஒரு காலத்தில் இருந்தது. 1994 செப்டம்பர் 13 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்துக்குப் பத்து ஆண்டு ஆயுள் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். 2004 செப்டம்பர் 13 அன்று நாடாளுமன்றம் அதை நீட்டிக்காமல் விட்டது, தடை காலாவதியாகிவிட்டது. அதற்குப் பிறகு மாநிலச் சட்டங்கள்தாம் மிஞ்சின.

கலிஃபோர்னியா, நியூஜெர்ஸி, கனெக்டிகட், மாசசூசெட்ஸ், நியூயார்க், மேரிலாண்ட், டெலவேர், இல்லினாய், வாஷிங்டன் ஆகிய ஒன்பது மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யிலும் 'தாக்குதல் ஆயுதம்' என்று சட்டம் வரையறுக்கும் ரைஃபிள்களுக்குத் தடை உண்டு. 2025-இல் ரோட் ஐலண்ட் பத்தாவதாகச் சேர்ந்தது. அதன் விற்பனைத் தடை 2026 ஜூலை 1 முதல் என்று சட்டத்திலேயே நாள் குறித்தார்கள். டெக்சாஸ், அரிசோனா, ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் இந்த ரைஃபிளுக்கென்று தனித் தடை எதுவும் கிடையாது.

கேள்வி: தடை இருக்கும் மாநிலத்திலும் அதே மாதிரியான துப்பாக்கி கடையில் கிடைக்கிறது என்று அங்கே இருக்கும் என் தங்கை மகன் சொல்கிறான். அப்படியென்றால் அந்தத் தடைக்கு என்ன பொருள்? (ஈரோடு வாசகர்)

பதில்: உங்கள் தங்கை மகன் சொல்வது உண்மைதான். இந்த விவகாரத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1989 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியின் விளையாட்டுத் திடலில் ஒருவன் அரைத் தானியங்கி ரைஃபிளால் சுட்டதில் ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். போருக்குத் தப்பி ஓடிவந்த கம்போடிய, வியட்நாமியக் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். அதே ஆண்டில் கலிஃபோர்னியா நாட்டிலேயே முதலாவதாகத் தாக்குதல் ஆயுதத் தடைச் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டம் துப்பாக்கிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது: இன்ன நிறுவனத்தின் இன்ன மாடல் என்று. பட்டியலில் இருந்த மாடலுக்கு வேறு பெயர் வைத்து, ஓரிரு உறுப்புகளை மாற்றி விற்பதற்குத் தயாரிப்பாளர்களுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை.

அதனால் 1999-இல் பெயரை விட்டுவிட்டு உறுப்புகளைப் பிடித்தார்கள். கழற்றி மாட்டக்கூடிய மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கிவைக்கும் உறை, ஒரு அரைத் தானியங்கி ரைஃபிளில் இருந்து, அதனுடன் துருத்தி நிற்கும் கைப்பிடி, மடக்கவோ நீட்டவோ முடிகிற பின்கட்டை, சுடும்போது குழல் முனையில் தெறிக்கும் ஒளியை மறைக்கும் கருவி, முன்பக்கத்தில் இன்னொரு கைப்பிடி போன்றவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அது தாக்குதல் ஆயுதம் என்று 2000 ஜனவரி 1 முதல் வரையறை மாறிற்று. கூட்டாட்சித் தடை இத்தகைய உறுப்புகளில் இரண்டு இருக்க வேண்டும் என்று கேட்டது. ஆகவே குழல் முனையில் குத்துக்கத்தி (பயனெட்) பொருத்தும் கொக்கியையும் ஒளி மறைக்கும் கருவியையும் நீக்கிவிட்டு, கைப்பிடியை மட்டும் வைத்து நாடெங்கும் விற்றார்கள். கலிஃபோர்னியாவின் 'ஒன்று இருந்தாலும் போதும்' என்ற விதி அந்த வழியை அடைத்தது.

அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு துளை விழுந்தது. 'கருவி எதுவும் இல்லாமல் கையால் கழற்ற முடிந்தால்தான் அது கழற்றக்கூடிய மேகசின். தோட்டாவையும் கருவியாகக் கொள்ளலாம்' என்று விதிமுறையில் ஒரு வரி இருந்தது. உடனே மேகசினை விடுவிக்கும் பொத்தானை விரல் நுனி நுழையாத அளவுக்குக் குழிக்குள் பதித்து விற்கத் தொடங்கினார்கள். ஒரு தோட்டாவின் கூரிய முனையை அந்தக் குழிக்குள் வைத்து அழுத்தினால் மேகசின் கழன்று விழும், புதியதை மாட்டிவிடலாம். இதற்கு 'புல்லட் பட்டன்' என்று பெயர். 2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் 14 பேர் கொல்லப்பட்ட பிறகு, 2016-இல் சட்டத்தைத் திருத்தி இதையும் தடுத்தார்கள். இப்போது அங்கே கைப்பிடிக்குப் பதிலாக, கட்டைவிரல் சுற்றிப் பிடிக்க முடியாதபடி மீன் துடுப்பைப் போன்ற தகடு பொருத்திய ஏ.ஆர். வகைத் துப்பாக்கிகள் சட்டப்படியே விற்கப்படுகின்றன. உங்கள் தங்கை மகன் பார்த்தது இதுவாக இருக்கலாம்.

மேரிலாண்டில் கணக்கு வேறு. அங்கே தடைப் பட்டியலில் ஏ.ஆர்.-15 பெயர் சொல்லி இருக்கிறது. ஆனால் அதன் தடித்த குழல் கொண்ட வகைக்கு அதே வரியிலேயே விலக்கும் இருக்கிறது. குழல் சற்றுத் தடித்திருந்தால் விலைக்கு வாங்கலாம், மெலிந்திருந்தால் குற்றம்! பாயும் தோட்டாவில் எந்த மாற்றமும் இல்லை. ரூகர் நிறுவனத்தின் மினி-14 என்ற ரைஃபிளையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மரக்கட்டை பொருத்திய அந்தத் துப்பாக்கி, வேட்டைக்காரரின் பழைய துப்பாக்கியைப் போலத் தோன்றும், ஏ.ஆர்.-15 சுடும் அதே அளவுத் தோட்டாவை அதே போல விசைக்கு ஒன்றாகச் சுடும். கைப்பிடியும் மடக்குக் கட்டையும் இல்லாததால் உறுப்பு விதி அதைத் தொடுவதில்லை.

இந்த ஓட்டப் பந்தயம் உயிரோடு விளையாடுகிறது என்பதற்குக் கனெக்டிகட்டே சாட்சி. அங்கே 1993 முதலே தடை இருந்தது. 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்ற ரைஃபிள், அன்றைய கனெக்டிகட் சட்டப்படி விற்கத் தகுந்ததாகவே இருந்தது. 2022 மே 14 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஒரு பல்பொருள் அங்காடியில் கறுப்பினத்தவர் பத்துப் பேரைக் கொன்றவன், மேகசினைக் கழற்ற முடியாதபடி பூட்டுப் பொருத்திய ரைஃபிளைக் கடையில் சட்டப்படி வாங்கி, வீட்டில் அந்தப் பூட்டை நீக்கிவிட்டான். கடைக்காரர் விற்ற நேரத்தில் அது சட்டத்துக்கு உட்பட்ட பொருள். பூட்டை எடுத்த நேரத்தில் தடை செய்யப்பட்ட ஆயுதம். இவ்வளவு எளிதாக மீறக்கூடிய வேறுபாட்டின் மேல் ஒரு பாதுகாப்புச் சட்டத்தை நிறுத்துவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி: தடைக்கு முன்பே வாங்கியவர்களின் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்துவிட்டார்களா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: பொதுவாக இல்லை. ஏற்கெனவே வைத்திருப்பவரை விட்டுவிட்டு, புதிய விற்பனையை நிறுத்துவதே பெரும்பாலான மாநிலங்களின் வழி. வாஷிங்டன் மாநிலம் 2023 ஏப்ரலில் இயற்றிய சட்டம் விற்பனை, தயாரிப்பு, வெளியிலிருந்து கொண்டுவருதல் ஆகியவற்றைத் தடுத்தது. வீட்டில் இருப்பதைத் தொடவில்லை. மேரிலாண்டில் 2013 அக்டோபர் 1-க்கு முன் சட்டப்படி வாங்கியதை வைத்துக்கொள்ளலாம்.

கலிஃபோர்னியா, நியூயார்க், கனெக்டிகட், இல்லினாய் ஆகியவை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்றன. கலிஃபோர்னியாவில் பதிவு செய்த துப்பாக்கியைத் தந்தை இறந்த பின் மகன் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது; 90 நாளுக்குள் செயலிழக்கச் செய்யவோ, உரிமம் பெற்ற வணிகரிடம் விற்கவோ, மாநிலத்துக்கு வெளியே அனுப்பவோ, தனி அனுமதி வாங்கவோ வேண்டும். தலைமுறை மாறும்போது அவை தாமாகவே குறைந்துவிடும் என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

பதிவு எவ்வளவு நடந்தது என்பது வேறு கதை. இல்லினாயில் துப்பாக்கி வைத்திருக்க மாநில அடையாள அட்டை வேண்டும். சுமார் 24 லட்சம் பேரிடம் அது இருக்கிறது. 2024 ஜனவரி 1 என்ற கெடு முடிந்தபோது தாக்குதல் ஆயுதம் வைத்திருப்பதாகத் தெரிவித்தவர்கள் அவர்களில் சுமார் 1 சதவீதம்தான். அட்டை வைத்திருப்பவர் எல்லாரிடமும் அந்த வகைத் துப்பாக்கி இருக்காது என்றாலும், பலர் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: பீர் வாங்க 21 வயது ஆக வேண்டிய நாட்டில், 18 வயதுப் பையனுக்கு ரைஃபிள் விற்கிறார்களாமே? (சேலம் வாசகர்)

பதில்: கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் பெற்ற வணிகர் கைத்துப்பாக்கியை 21 வயது நிரம்பியவருக்குத்தான் விற்கலாம், ரைஃபிளை 18 வயதுக்காரருக்கே விற்கலாம். வேட்டைக்குப் போகும் கிராமத்துப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. டெக்சாஸின் உவால்டி நகரில் ஓர் இளைஞன் 2022 மே 16 அன்று 18 வயதை எட்டினான். மறுநாளே ஒரு ரைஃபிளும், 20-ஆம் தேதி இன்னொன்றும் சட்டப்படி வாங்கினான். 24-ஆம் தேதி ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியர்களையும் கொன்றான். பிறந்த நாளுக்கும் அந்தக் கொலைகளுக்கும் இடையே எட்டே நாள்.

வயது வரம்பை உயர்த்திய மாநிலங்களில் ஃபுளோரிடாவும் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். துப்பாக்கி உரிமையில் தளர்வு காட்டும் மாநிலம் அது. பார்க்லாண்ட் பள்ளியில் 2018 பிப்ரவரி 14 அன்று 17 பேர் இறந்த பிறகு, மூன்றே வாரத்தில், குடியரசுக் கட்சி ஆட்சியிலேயே, எந்தத் துப்பாக்கி வாங்கவும் 21 வயது என்று சட்டம் போட்டார்கள். தப்பிப் பிழைத்த மாணவர்கள் சட்டமன்ற வாசலில் போய் நின்றது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வாஷிங்டன் மாநில மக்கள் 2018-இல் வாக்கெடுப்பின் வழியே அரைத் தானியங்கி ரைஃபிளுக்கு 21 வயதும் பயிற்சிச் சான்றும் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பஃபலோவுக்குப் பிறகு நியூயார்க்கில் அரைத் தானியங்கி ரைஃபிள் வாங்க 21 வயதும் உரிமமும் கட்டாயமாயின.

கொலராடோ 2025 ஏப்ரலில் இயற்றிய சட்டம் இவற்றிலிருந்து சற்று மாறுபட்டது. கழற்றக்கூடிய மேகசின் கொண்ட அரைத் தானியங்கி ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றை, 2026 ஆகஸ்ட் 1 முதல், ஷெரிஃபிடம் தகுதி அட்டை பெற்றுப் பயிற்சி வகுப்பையும் முடித்தவர் மட்டுமே வாங்கலாம் என்கிறது அது. கைப்பிடியின் வடிவத்தை அளந்துகொண்டிராமல் வாங்கும் ஆளைப் பார்க்கிறது. பத்து மாநிலங்களின் உறுப்புப் பட்டியலைவிட இந்த வழியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கேள்வி: மாநிலம் செய்யாவிட்டால் ஒரு நகராட்சியே தடை போட்டுக்கொள்ளலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பெரும்பாலான மாநிலங்கள் துப்பாக்கி விஷயத்தில் உள்ளாட்சிகள் தனிச் சட்டம் போடக் கூடாது என்று கட்டிப்போட்டிருக்கின்றன. இல்லினாயும் 2013-இல் அப்படிச் செய்தபோது, தாக்குதல் ஆயுதத்துக்குத் தடை போட விரும்பும் நகரங்களுக்கு வெறும் பத்து நாள் அவகாசம் கொடுத்தது. சிகாகோவுக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் ஹைலண்ட் பார்க் அந்தப் பத்து நாளைப் பயன்படுத்திக்கொண்டது. எதிர்த்துத் தொடுத்த வழக்கிலும் 2015-இல் வென்றது.

அதே ஹைலண்ட் பார்க்கில் 2022 ஜூலை 4 அன்று, சுதந்திர நாள் ஊர்வலத்தின் மேல் ஒரு கடைக் கூரையிலிருந்து ஒருவன் 83 தோட்டாக்களைச் சுட்டான். ஏழு பேர் இறந்தார்கள். துப்பாக்கியை அவன் மாநிலச் சட்டப்படியே வாங்கியிருந்தான். நகரத்தின் தடை நகர எல்லையோடு முடிந்துவிடுகிறது. எல்லையில் சுவரும் கிடையாது, சோதனைச் சாவடியும் கிடையாது. 21 வயது ஆகாததால் அவனது அடையாள அட்டை விண்ணப்பத்தில் தந்தை பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், வீட்டாரைக் கொல்லப்போவதாக அவன் மிரட்டியதாக வந்த புகாரில் காவலர்கள் வீட்டிலிருந்து கத்திகளை எடுத்துச் சென்றிருந்தார்கள். அந்தக் கையெழுத்துக்காகத் தந்தை 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மாநிலம் முழுமைக்குமான தடை 2023 ஜனவரி 10 அன்று வந்தது.

கேள்வி: துப்பாக்கி உரிமை அரசமைப்பிலேயே இருக்கும்போது இந்தத் தடைகள் உச்ச நீதிமன்றத்தில் நிற்குமா? (சென்னை வாசகர்)

பதில்: 1791-இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்கிறது. அது தனிமனிதரின் உரிமை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஜூனில் வந்த இன்னொரு தீர்ப்பு, துப்பாக்கிச் சட்டம் எதுவானாலும் அந்நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்றது. அதன் பிறகு எல்லா மாநிலத் தடைகளின் மேலும் வழக்குகள் பாய்ந்தன. ஒரு தரப்பு, கோடிக்கணக்கானவர் வைத்திருக்கும் ஆயுதத்தை அசாதாரணமானது என்று சொல்ல முடியாது என்கிறது. மறுதரப்பு, இது போர்க்களத்துக்கு ஏற்ற ஆயுதம், தற்காப்புக்கு உரியதல்ல என்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதி 2021-இல் தடையை ரத்து செய்தபோது ஏ.ஆர்.-15-ஐ சுவிஸ் ராணுவக் கத்தியோடு ஒப்பிட்டார். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் அதை எப்படி வாசித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டில் நிறுத்திவைக்கப்பட்டது.

மேரிலாண்ட் தடை செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொன்னது. அதை எதிர்த்த மனுவை 2025 ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கவில்லை. மூன்று நீதிபதிகள் ஏற்க வேண்டும் என்றார்கள். நீதிபதி கவனா இப்போது வேண்டாம் என்றாலும், ஓரிரு ஆண்டுக்குள் இந்தக் கேள்வியை நீதிமன்றம் எடுக்க வேண்டும் என்று தனியாக எழுதினார். வழக்கை ஏற்க நான்கு நீதிபதிகள் போதும் என்பதை நினைவில் வைத்தால், மாநிலத் தடைகள் எந்த அளவு நூலிழையில் தொங்குகின்றன என்பது புரியும்.

கேள்வி: இவ்வளவு செய்தும் துப்பாக்கிச் சாவு குறைந்ததா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: அமெரிக்காவில் துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பகுதி கைத்துப்பாக்கியால் நடப்பவை; எல்லா வகை ரைஃபிள்களையும் சேர்த்தாலும் அவற்றின் பங்கு சிறியது. ஆகவே ரைஃபிள் தடையால் மொத்தச் சாவு எண்ணிக்கை சட்டென்று இறங்கும் என்று எதிர்பார்ப்பது சரியாகாது. கூட்டமாகச் சுட்டுக் கொல்லும் நிகழ்வுகளில் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதில்தான் இதன் விளைவைத் தேட வேண்டும். அங்கேயும் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை.

என் பார்வையில், தடைச் சட்டங்களுக்குள் அதிகம் பேசப்படாத மேகசின் வரம்புக்கு மதிப்பு கூடுதல். தடை உள்ள மாநிலங்களில் பெரும்பாலானவை ஒரு மேகசினில் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கூடாது என்கின்றன. 2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசான் நகரில், மக்களவை உறுப்பினர் ஒருவரின் கூட்டத்தில் 33 தோட்டா கொள்ளும் மேகசினோடு வந்தவன் கைத்துப்பாக்கியால் ஆறு பேரைக் கொன்றான். அடுத்த மேகசினை மாட்ட முயன்ற சில நொடிகளில் அங்கிருந்தவர்கள் அவன் மேல் பாய்ந்து அமுக்கினார்கள். ஒரு பெண்மணி அந்த மேகசினைப் பறித்துக்கொண்டார். அந்த இடைவெளி பதினோராவது தோட்டாவிலேயே வந்திருந்தால், இறந்தவர்களில் எத்தனை பேர் இன்று இருந்திருப்பார்கள்?

கேள்வி: என் மகன் எச்-1பி விசாவில் டெக்சாஸில் இருக்கிறான். நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறான். அங்கே எல்லாருக்கும் உரிமை உண்டல்லவா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: டெக்சாஸ் சட்டம் எவ்வளவு தளர்வாக இருந்தாலும், இதில் உங்கள் மகனைக் கட்டுப்படுத்துவது கூட்டாட்சிச் சட்டம். எச்-1பி, மாணவர் விசா போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது, சில விதிவிலக்குகள் தவிர, 15 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சுடுதளத்தில் அரை மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பதும் 'வைத்திருத்தல்' என்ற சொல்லுக்குள் வந்துவிடும். நாடு கடத்தப்படும் ஆபத்தும் இருக்கிறது. சுடுதளக் கடைக்காரர் விசாவைப் பற்றிக் கேட்கவில்லை என்பது சட்டத்தின் முன் சாக்காகாது.

விதிவிலக்குகளில் சாதாரண மனிதருக்கு எட்டக்கூடியது ஒன்று உண்டு: ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதி ஆகாத வேட்டை உரிமம். அது இருந்தால் கூட்டாட்சித் தடை விலகும். அதன் பிறகும் அந்தந்த மாநிலச் சட்டம் பொருந்தும். பச்சை அட்டை பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. மகன் முதலில் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் தன் விசா விவரத்தைக் காட்டிக் கேட்கட்டும். அதுவரை நண்பர்களோடு போனாலும் துப்பாக்கியைக் கையில் வாங்க வேண்டாம் என்று இன்று இரவே அவனிடம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.